கிட்டாரில் ‘உம்ம்’ என்று இரைகிறதா? முதலில் பிளக்கைப் பாருங்கள்

மதுரையில் சொந்தப் பாட்டு வாசிக்கிற ராக் பேண்ட் என்றால் கல்யாண மண்டபம், கஃபே, மொட்டை மாடி என்று கிடைத்த இடத்தில்தான் வாசிக்கிறோம், அங்கே முதல் தலைவலி கரண்ட்தான். கே.கே. நகரில் ஒரு மாடியில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது: கிட்டார் ஆம்பிலிருந்து வரும் கேபிளை சவுண்ட் மிக்ஸரில் செருகியதும் ‘உம்ம்’ என்று ஒரே இரைச்சல், கிட்டார் கம்பியைத் தொட்டாலும் விட்டாலும் குறையவில்லை. ஆம்ப் ஒரு மூலை பிளக்கில், மிக்ஸர் எதிர்ப்பக்க பிளக்கில். இரண்டு எர்த்தும் கேபிள் வழியாகச் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டால் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டே ஸ்பீக்கரில் பாட ஆரம்பித்துவிடும். லோடு தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டு இரண்டையும் ஒரே பாயின்டிலிருந்து எடுங்கள். அப்போதும் போகவில்லையா, சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) கேட்டு நடுவில் போட்டு, அதில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள்; அது அந்த கேபிள் வழியான எர்த் இணைப்பை மட்டும் துண்டித்துவிடும்.

பிளக்கின் எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து உடைக்காதீர்கள். கை கம்பியில், உதடு மைக்கில் இருக்கும்போது ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், மூன்று பேண்ட் வாசிக்கிற மாலை என்றால் ஒரே டிரம்ஸ் செட் போதும். டிரம்மர்கள் அவரவர் ஸ்னேர், பெடல், சிம்பல் மட்டும் கொண்டுவந்தால் ஆட்டோவிலேயே வந்துவிடலாம், மாற்றுவதற்கும் பத்து நிமிஷம்தான். உங்கள் பாட்டு முடிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பாமல் கடைசி பேண்ட் வரைக்கும் முன்வரிசையில் நில்லுங்கள், எதிரே பத்துப் பேர் நிற்பதைப் பார்த்தாலே புதுப் பசங்களுக்குக் கை நடுக்கம் போய்விடுகிறது.