4294967297: பெரிய எண்ணை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்னும் எண், 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டக் கிடைப்பது. அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போக இதே வடிவில் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருந்ததால், இதுவும் பகா எண்ணே என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா நம்பினார். ஆனால் 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் இதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். சிறிய எண்களில் கண்ட ஒழுங்கு பெரிய எண்ணிலும் தொடரும் என்று முடிவுகட்டுவது அத்தகைய மேதையையே தவறவைத்தது. இந்த வடிவில் ஆறாவது பகா எண் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

வகுபடும் விதிகளோடு நின்றுவிடுவதும் தவறே. இந்த எண் 7-இல் முடிவதால் 2, 5 ஆகியவற்றாலும், இலக்கங்களின் கூடுதல் 59 ஆதலால் 3-ஆலும் வகுபடாது. ஒன்றுவிட்ட இலக்கங்களின் கூடுதல்கள் 21, 38 என வந்து 17 வேறுபடுவதால் 11-ம் விலகும். இவை எதுவும் அது பகா எண் என்பதற்குச் சான்றாகா. வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருவதால், அதுவரையுள்ள 6542 பகா எண்களையும் சோதித்தாக வேண்டும். இங்கேதான் ஆய்லரின் வழி வியக்கவைக்கிறது: இதன் பகாக் காரணி எதுவாயினும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் என்பதால், 193, 257, 449, 577 ஆகியவற்றைக் கடந்ததும் 641 அகப்பட்டுவிடுகிறது.

நான் மிகவும் அஞ்சுவது கால்குலேட்டர் காட்டும் விடையை அப்படியே நம்புவதைத்தான். எட்டு இலக்கத் துல்லியத்தில் இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536 என்றே தெரியும். ஆனால் 7-இல் முடியும் எந்த எண்ணும் முழு வர்க்கமாக இருக்க முடியாது. 65537-ஆல் வகுத்தால் 65535 என்று மீதியே இல்லாததுபோல் தோன்றும். உண்மையில் மீதி 2 இருக்கிறது. ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் வருவதைப் பார்த்து முடிவு செய்யாமல், ஈவை வகுத்தியால் மீண்டும் பெருக்கி, மூல எண்ணிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். நிரல் எழுதுவோர் எதிர்ம எண்களை ஏற்காத 32 பிட் மாறியில் இந்த எண்ணை இட்டால், அதன் உச்சவரம்பு 4294967295 ஆதலால், வெறும் 1 மட்டுமே மிஞ்சும்.

பகா எண் சோதனையை ஒரே அடியெண்ணில் செய்து நிறுத்துவது இன்னும் நுட்பமான தவறு. இந்த எண்ணைவிட 1 குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி இதனால் வகுத்தால், பகா எண்ணுக்கு வரவேண்டிய மீதியான 1-தான் வரும்; அடியெண்ணை 3 என மாற்றியதும் வேறு மீதி வந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

பகாக் காரணிகளையும் வகுத்திகளையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது. இதற்குப் பகாக் காரணிகள் இரண்டு. வகுத்திகளோ 1, 641, 6700417, 4294967297 என நான்கு. தன்னை நீக்கிய வகுத்திகளின் கூடுதல் 6701059 மட்டுமே ஆதலால், இது அக்கூடுதல் தன்னைவிடச் சிறியதாக உள்ள ‘குறைவு எண்’ வகையைச் சேர்ந்தது.