"பால் பத்தலையாமே?": பிள்ளை பெற்றவளைச் சுற்றி நாம் செய்கிற தவறுகள்

பிரசவ வார்டில் ரெண்டாம் நாள், மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் அந்தப் பேச்சு கிளம்பும். பகலெல்லாம் தூங்கின குழந்தை வீறிட்டு அழும், பெற்றவள் தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்து மார்பில் வைத்துப் பார்ப்பாள், அது நாலு சப்பு சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி அழும், பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த பாட்டி படுத்தபடியே தலையைத் தூக்கி, "என்னம்மா, பால் பத்தலையா?" என்பார். அவ்வளவுதான். காலையில் மாமியார் வரும்போது அது "பால் பத்தலையாம்" என்று ஆகியிருக்கும். சாயங்காலம் புருஷன் வரும்போது கையில் பவுடர் டப்பா இருக்கும்.

தருமபுரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல வருடம் பிரசவம் பார்த்த நர்ஸ் நான். கொஞ்ச காலம் தேன்கனிக்கோட்டை பக்கமும் இருந்தேன், அங்கே இதே பேச்சைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்டேன், அர்த்தம் ஒன்றுதான். தாய்ப்பால் என்றாலே தாய்க்குத்தான் எல்லோரும் பாடம் எடுக்கிறோம். நான் பார்த்தவரை தப்பு பெரும்பாலும் கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்கள் செய்வது. அதில் என்னைப் போன்றவர்களும் சேர்த்தி.

முதலில் அந்த "பத்தல" கணக்கையே பார்ப்போம். பிறந்த முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது ஒரு டீஸ்பூன் அளவு, 5 முதல் 7 மில்லி. அந்த அளவுக்குத்தான் சீம்பாலும் வரும், கெட்டியாக, மஞ்சளாக, சொட்டுச் சொட்டாக. பீச்சிப் பார்த்துவிட்டு "ஒன்னுமே வரலியே" என்பவர்கள் பசும்பால் கறக்கிற மாதிரி சர்ரென்று வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். வெள்ளையாகப் பால் இறங்க ரெண்டு மூன்று நாள் ஆகும், ஆபரேஷன் ஆனவர்களுக்கு இன்னும் ஒரு நாள் கூடப் பிடிக்கலாம். அதுவரை சீம்பாலே சோறு, சீம்பாலே மருந்து. அதைப் பழைய பால், கெட்ட பால் என்று பீச்சிக் கொட்டுகிற வழக்கம் இப்போது குறைந்துவிட்டது, ஆனால் மலைக்கிராமங்களில் இன்னும் அங்கங்கே இருக்கிறது.

குழந்தை எடை குறைந்தாலும் இதே பயம்தான். 3 கிலோவில் பிறந்த குழந்தை நாலாம் நாள் 2.800 என்று காட்டினால் பதறாதீர்கள், முதல் வாரத்தில் அவ்வளவு குறைவது இயல்பு, ரெண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் உடனே காட்ட வேண்டும். வீட்டில் தராசு தேவையில்லை. துணியை எண்ணுங்கள். அஞ்சாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது வெளிர் நிறமாக மூத்திரம் போய், மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தால் பால் போய்ச் சேருகிறது என்று அர்த்தம். அழுகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பச்சைக் குழந்தை எதற்கும்தான் அழும்.

சரி, பால் இருக்கிறது, அப்புறம் ஏன் அழுகிறது? பத்தில் எட்டுத் தடவை வாய் வைக்கிற விதம் சரியில்லாமல்தான். இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பாலக்கோடு பக்கத்துப் பெண், தலைப்பிரசவம், காம்பு ரெண்டிலும் வெடிப்பு, குழந்தை வாயைக் கொண்டுவந்தாலே பல்லைக் கடித்துக்கொள்வாள். பார்த்தால், குழந்தை மல்லாக்கப் படுத்திருக்கிறது, தலை மட்டும் மார்புப் பக்கம் திரும்பியிருக்கிறது. நீங்கள் தோள் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீர் குடித்துப் பாருங்கள், முழுங்க வருகிறதா? பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து அவள் மடியில் வைத்தோம், குழந்தை உயர்ந்தது, அவள் குனிய வேண்டியிருக்கவில்லை. குழந்தையை மொத்தமாக அவள் பக்கம் திருப்பி வயிற்றோடு வயிறு ஒட்டவைத்தோம். காம்பால் அதன் மேலுதட்டை லேசாகத் தடவ, கொட்டாவி விடுகிற மாதிரி வாய் பெரிதாகத் திறந்தது, அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவந்தோம். கவனிக்க: மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோவதல்ல, குழந்தையை மார்புக்கு. காம்பு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் வாய்க்குள் போனது, அதில் மேல்பக்கம் கொஞ்சம் தெரிந்தது, கீழ்ப்பக்கம் தெரியவில்லை. கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பில் புதைந்தது. பத்து வினாடி. பிறகு "க்கு... க்கு..." என்று முழுங்குகிற சத்தம். அவள் அம்மா கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்றவர், "சத்தம் கேக்குது, கேக்குது" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இதற்கு ஆனது கால் மணி நேரம். வார்டில் அந்தக் கால் மணி நேரம் கிடைக்காததால்தான் டப்பா வருகிறது. இன்னொரு பிரசவம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நர்ஸ் கட்டில் கட்டிலாக உட்கார முடியாது, உண்மைதான். அதற்காக வார்டு வாசலில் நின்றபடியே "பால் குடுத்தியாம்மா?" என்று கத்திக் கேட்டுவிட்டு, அவள் தலையாட்டியதும் சீட்டில் டிக் அடிப்பதை நானும் செய்திருக்கிறேன். அப்படிக் கேட்பதை விட்டுவிட்டு, "என் கண் முன்னால ஒரு தடவை குடும்மா, பாக்கலாம்" என்று கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்காரர்களும் வெட்கப்படாமல் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். சுகப்பிரசவம் என்றாலும் 48 மணி நேரம் இருக்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். நல்ல நேரம் போய்விடும் என்று மறுநாளே கிளம்பாதீர்கள்.

டப்பா பால் ஒரு வேளை கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். இறைக்கிற கிணறு ஊறும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிறு நிறைந்த குழந்தை அடுத்த மூன்று மணி நேரம் மார்பைத் தேடாது, தேடாத வேளைக்குப் பால் ஊறாது, அடுத்த வேளை இன்னும் கொஞ்சம் குறையும், அப்போது நிஜமாகவே பத்தாது. ஆரம்பத்தில் பொய்யாக இருந்த பேச்சை நாமே மெய்யாக்குகிறோம். முதல் வாரங்களில் ராத்திரியும் பகலும் சேர்த்து எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டும், அதில் ராத்திரி வேளையை விடவே கூடாது, பால் ஊறவைக்கிற சுரப்பு ராத்திரியில்தான் கூடுதலாக இருக்கும்.

அதோடு நம் ஊருக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டிலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்கள் நம் தலைமுறையிலேயே எத்தனை பேர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே முக்கியமாக அதற்காகத்தான். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தானே? பவுடரைக் கரைக்க அதைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது, சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். தாய் அதே தண்ணீரைக் குடித்தாலும் அவள் பாலில் இறங்குவது மிக மிகக் குறைவு. இதைவிட நல்ல வடிகட்டி எந்தக் கடையிலும் கிடையாது.

தண்ணீரே கொடுக்கக் கூடாது என்பதைத்தான் பாட்டிகள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். சித்திரை வெயிலில் நாக்கு வறளாதா என்பார்கள். தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான், ஆறு மாதம் வரை வேறு எதுவும் வேண்டாம். சேனை தொட்டு வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரைமருந்து, தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் பீச்சித் தரும் பால் எல்லாம் இதில் அடக்கம். தேன் ஒரு வயசு வரை ஆகவே ஆகாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் கைகால்களைத் தொய்ய வைத்துவிடும். மஞ்சள் காமாலைக்குக் கழுதைப் பால் மருந்தும் இல்லை, காலை வெயில் மருந்தும் இல்லை. பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலோ, பிறகு உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ, குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

ஆபரேஷன் ஆனவளுக்கு மயக்கம் தெளியட்டும், சாயங்காலம் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. முதுகில் ஊசி போட்டுச் செய்கிற ஆபரேஷனில் அவள் முழித்துத்தான் இருக்கிறாள், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடலாம். ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கலாம், கக்கத்தில் இடுக்கின மாதிரி பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் தையல் மேல் பாரம் விழாது. இது தெரிந்த எனக்கே என் பிரசவத்தில் நடக்கவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம், காலையில் எடுத்த பிள்ளையைச் சாயங்காலம்தான் கையில் கொடுத்தார்கள், அதற்குள் புட்டியில் ரெண்டு வேளை ஆகியிருந்தது. ரப்பர் காம்புக்குப் பழகின வாய், நாலு நாள் என் மார்பைக் கண்டாலே அழுதது. நர்ஸாக இருந்து என்ன, அந்த நாலு நாளும் நானும் "எனக்குப் பால் பத்தல" என்றுதான் அழுதேன். மருத்துவக் காரணத்தால் வெளிப்பால் தேவைப்பட்டாலும் புட்டி வேண்டாம், பாலாடையில், அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுக்கச் சொல்லுங்கள்.

ரெண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பவுடர் பாலை விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992இல் வந்து 2003இல் இறுக்கப்பட்ட சட்டமே இருக்கிறது. டாக்டரோ நர்ஸோ தானாக ஒரு கம்பெனிப் பெயரைச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

பத்தியம் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டை வரும், சுருக்கமாகச் சொல்கிறேன். பூண்டு, கருவாடு, முருங்கைக்கீரை எல்லாம் நல்லதுதான், போடுங்கள். தண்ணீரைக் குறைப்பது, ஒரு வேளைச் சோறு, பழம் கூடாது, பருப்பு கூடாது என்பதெல்லாம்தான் தப்பு. கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலத்தில் பிள்ளை பெற்றுவிட்டு ஒரு துண்டு தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் போன்ற கொடுமை உண்டா? அளவாகச் சாப்பிடட்டும், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. களியும் கீரையும் தின்று வளர்ந்த உடம்புக்கு இப்போது மட்டும் களி ஏன் ஆகாது? பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை உண்டு, பிள்ளை பிறந்ததும் அந்தப் பட்டையைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

பால் கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆனால் கொடுப்பதை நிறுத்துவது பெரிய தப்பு. அடிக்கடி கொடுங்கள், குழந்தை பிடிக்க முடியாத அளவு இறுகியிருந்தால் கொஞ்சம் பீச்சி இளக்கிவிட்டுக் கொடுங்கள், கொடுத்த பிறகு ஈரத்துணி போடுங்கள், அமுக்கித் தேய்க்காதீர்கள். சிவந்து வலியோடு காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அப்போதும் அந்தப் பக்கமே கொடுக்கலாம், அதற்கேற்ற மாத்திரைதான் தருவார்கள்.

எழுதத் தயங்குகிற ஒன்று. பெண் பிறந்தால், அதிலும் ரெண்டாவதும் பெண்ணாக இருந்தால், கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கலைந்துவிடும். பாட்டி டீ குடிக்கப் போவார், புருஷன் போனை எடுக்க மாட்டான், அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள், முதல் பால் தள்ளிப்போகும். வேண்டாத பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப்போகலாம் என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு நம் மாவட்டத்துக்கு ஏன் வந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலம் மாறிவிட்டது, ஆனால் அந்தச் சுவர்ப்பக்கம் திரும்புவது இன்னும் மாறவில்லை. அப்படிப் படுத்திருப்பவளிடம் தாய்ப்பாலின் மகிமையைப் பேசாதீர்கள், குழந்தையைத் துணி விலக்கி அவள் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, பிள்ளை மேல் ஒட்டுதல் இல்லாமை தொடர்ந்தால் பேய் பிடித்தது, காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கப் போகாமல் டாக்டரிடம் காட்டுங்கள், 14416க்குக் கூப்பிட்டால் மனநல ஆலோசனை இலவசம்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் குழந்தை மேல்தான். பெற்றவளை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைகிற ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், பார்வை மங்கும் தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108. கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தால் தடுப்பூசி அட்டையை மட்டும் நீட்டாதீர்கள், உள்ளே உட்காரவைத்துப் பால் கொடுப்பதைக் காட்டுங்கள்.

ஓசூரில் கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு: முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு, திரும்பிப் போன பிறகு பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட ஒரு நாளைக்கு ரெண்டு இடைவேளை, சட்டத்திலேயே இருக்கிறது. பீச்சின பாலை மூடி போட்ட சுத்தமான எவர்சில்வர் டம்ளரில் வெளியே நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நாலு நாள் வரை வைக்கலாம். அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் வெந்நீரில் டம்ளரை இறக்கிவைத்துச் சூடு காட்டினால் போதும்.

புருஷன்மார்களுக்கு ஒன்றே ஒன்று. குழந்தை வாய் வைத்த உடனே அவளுக்கு நாக்கு வறளும், அந்த நேரம் பார்த்து எழுந்திருக்கவும் முடியாது. படுக்கப் போகும்முன் ஒரு சொம்பு தண்ணீர் அவள் கை எட்டுகிற பக்கமாக வையுங்கள். கட்டிலுக்கு அந்தப்பக்கம் அல்ல.