பொருளைத் திறக்கும் முன் மின்சாரத்தைப் பாருங்கள்: டெல்டா வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வீட்டு மின்சாதனம் ஒன்று நின்றுபோனால், பெரும்பாலானோர் அந்தப் பொருளைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். உடனே மெக்கானிக்கை அழைத்துத் திறக்கச் சொல்கிறார்கள். இந்த வரிசையே முதல் தவறு. ஏறி இறங்கும் மின்னழுத்தம், விட்டுப்போன நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி), செயலற்ற எர்த், ஐப்பசி கார்த்திகை ஈரம், கடலோர ஊர்களின் உப்புக்காற்று, அறுவடைக்குப் பின் வயலிலிருந்து வீட்டுக்குள் ஏறி வயரைக் கடிக்கும் எலி என்று, இங்கே பொருள்களைக் கெடுக்கும் காரணங்களில் பல பொருளுக்கு வெளியே இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் உள்ளே ஒரு பாகத்தை மாற்றினால், புதிய பாகமும் அதே காரணத்தால் விரைவில் கெட்டுப்போகும்.

பழுதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "ஓடவில்லை" என்று மட்டும் சொல்வது போதாது. எப்போது ஓடவில்லை என்பதே பாதி விடையைத் தந்துவிடும். மின்விசிறி மாலையில் மட்டும் மெதுவாகச் சுற்றி, நள்ளிரவுக்குப் பின் தானே வேகமெடுத்தால் விசிறியில் குறையில்லை; முன்பட்டக் குறுவைக்கு பில்டர் பாயிண்ட் எனும் வயல் குழாய்க் கிணறுகளின் மோட்டார்கள் ஓடும் காலத்தில், அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் வீடுகளுக்கு மின்னழுத்தம் குறைவது இயல்பாக நடக்கிறது. எல்லா நேரமும் மெதுவாகச் சுற்றினால் விசிறியைச் சுழல வைக்க உதவும் கண்டன்சர் என்ற சிறு பாகம் தளர்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. பெரும்பாலான சாதாரண விசிறிகளில் 2.5 மைக்ரோபாரட் கண்டன்சர்தான் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் பலர் முதலில் ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள், பிறகு காயில் கட்டுகிறார்கள், கடைசியில்தான் கண்டன்சருக்கு வருகிறார்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி விசிறியைப் பழைய ரெகுலேட்டரோடு இணைப்பது இப்போது பரவிவரும் இன்னொரு தவறு. அதன் வேகத்தை அதன் ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும். சுவரிலுள்ள ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடி சுவிட்சில் இணைக்க வேண்டும்.

அதிகப் பணம் வீணாவது ஃபிரிட்ஜில்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மின்சாரம் போய் ஒரு நிமிடத்திற்குள் திரும்பி வந்தால், கம்ப்ரஸருக்குள் வாயுவின் அழுத்தம் இன்னும் சமநிலைக்கு வந்திருக்காது. அந்த நிலையில் கிளம்ப முயலும் மோட்டார் முனகிவிட்டு "டிக்" என்ற ஒலியோடு நின்றுவிடும்; அந்த ஒலி மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு பாகத்தின் ஒலி. மின்னழுத்தம் மிகக் குறைந்தாலும் இதேதான் நடக்கும். இதைக் கேட்டு "கம்ப்ரஸர் போய்விட்டது" என்று முடிவு கட்டுவதும், சுவிட்சை மீண்டும் மீண்டும் அணைத்துப் போடுவதும் தவறு. சுவிட்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் போட வேண்டும். ஸ்டெபிலைசர் வாங்கும்போது, மின்சாரம் திரும்பியதும் சில நிமிடம் தாமதித்து இணைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். நம் வீட்டு மின்சாரத்தின் அளவு 230 வோல்ட். பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் மெக்கானிக் வருமுன்பே பல சந்தேகங்கள் தீர்ந்துவிடும். டெஸ்டர் எரிவதை மட்டும் நம்பக் கூடாது. 150 வோல்ட் வந்தாலும் அது எரியும்.

"கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்ற பேச்சையும் அப்படியே ஏற்கக் கூடாது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் இருக்கும் வாயு, அடுப்பு எரிவாயுவைப் போல் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பிய வாயு சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி வெளியேறிவிடும். இப்போது விற்கும் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன் இருக்கிறது. அது தீப்பற்றும் வாயு. பின்புற ஸ்டிக்கரில் இந்தப் பெயர் இருந்தால், பழைய ஆர்134ஏ வாயுவில் மட்டும் பழகியவரை அடுக்களைக்குள் வைத்து வெல்டிங் செய்ய விடக் கூடாது. ஃப்ரீசரில் உறைந்த பனியைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பதும் கசிவுக்கு ஒரு காரணம். அணைத்துவிட்டுத் தானே உருக விட வேண்டும். சரியாகக் குளிரவில்லை என்றால், கதவின் ரப்பருக்கு இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வந்துவிட்டால் குறை ரப்பரில் இருக்கலாம்.

உயிருக்கும் பொருளுக்கும் ஒருசேர ஆபத்தானது நியூட்ரல் கோளாறு. மும்முனை இணைப்பில் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே ஏறக்குறைய 400 வோல்ட் இருக்கும். புயல் காற்றில் கம்பத்திலோ, துருவேறிய இணைப்பிலோ நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட டிவியும் ஃபிரிட்ஜும் அதைவிட மிக அதிகமான மின்னழுத்தத்தைத் தாங்க நேரிடும். தெருக்கம்பியில் அறுந்தால் ஒருமுனை இணைப்புள்ள வீடுகளும் தப்புவதில்லை. இதன் அடையாளம் தெளிவானது: ஓர் அறையில் விளக்கு கண் கூசும்படி எரியும், இன்னோர் அறையில் மங்கும், ஒரு பொருளைப் போட்டதும் வேறொரு விளக்கு பளிச்சென்று கூடும். அப்போது "வோல்டேஜ் ஆடுகிறது, சரியாகிவிடும்" என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. மெயின் சுவிட்சை அந்த நொடியே அணைத்துவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் சேவைக்கு 94987 94987 என்ற எண்ணில் புகார் கொடுக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின், பல ஊர்களில் கம்பங்களை நட்டு இணைப்பைத் திரும்பக் கொடுக்க வாரக்கணக்கில் ஆனது. அதுபோன்ற நீண்ட மின்தடைக்குப் பின் மின்சாரம் வரும்போது எல்லாப் பொருள்களும் சுவிட்சில் போட்டபடியே இருக்கக் கூடாது. முதலில் ஒரு பல்பை மட்டும் எரிய விட்டு, அது சீராக எரிகிறதா என்று சிறிது நேரம் பார்த்த பிறகே மற்றவற்றைப் போட வேண்டும்.

எர்த் பற்றிய அலட்சியம் இங்கே மிகுதி. மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை வெட்டிவிட்டு இரண்டு துளையில் செருகுவது, ஃபிரிட்ஜைத் தொட்டால் "லேசாக இழுக்கிறது" என்று செருப்புப் போட்டுக்கொண்டு திறப்பது ஆகிய இரண்டையும் நான் மன்னிக்கவே முடியாத தவறுகளாகக் கருதுகிறேன். வண்டல் மண் ஈரமாக இருக்கும்வரை எர்த் நன்றாக வேலை செய்யும். சித்திரை வெயிலில் மண் வெடித்துக் காய்ந்தால் அதன் திறன் குறைந்துவிடும். எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். இதைவிடக் கொடியது, மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது (தானே அணைந்துவிடுகிறது) என்பதற்காக, மின்கசிவைக் கண்டறியும் ஆர்சிசிபி கருவியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடுவது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வழி தவறிப் போனாலே இணைப்பைத் துண்டித்து உயிர் காப்பதற்காகத்தான் அந்தக் கருவி இருக்கிறது. அது விழுந்தால் ஈரச் சுவரிலோ ஏதோ ஒரு பொருளிலோ கசிவு இருக்கிறது. ஒவ்வொரு மின்வழிக்கும் தனியாக உள்ள எம்சிபி சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், எதைப் போடும்போது விழுகிறது என்று தெரிந்துவிடும். அந்த வழியை மட்டும் அணைத்து வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்கலாம்.

இடி மின்னலின்போது டிவி சுவிட்சை மட்டும் அணைப்பது பாதுகாப்பாகாது. பிளக்கையும் பிடுங்க வேண்டும், கேபிள் வயரையும் கழற்ற வேண்டும். மின்னலின் அதிர்ச்சி அந்த வயர் வழியாகவும் செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் வந்து சேரும். இதைச் செய்ய வேண்டியது மேகம் கறுக்கும்போதே. தலைக்கு மேல் இடி இடிக்கும்போது வயரில் கை வைக்கக் கூடாது.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆர்ஓ தண்ணீரும் மழைநீரும் சுத்தமாகத் தெரிந்தாலும் போதிய அளவு சுத்தமல்ல. ஆசிட் சேர்த்தால் திறன் கூடும் என்பதும் தவறான நம்பிக்கை. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால், காற்றோட்டமில்லாத மூலையிலும், விளக்கு ஏற்றும் பூஜை மாடத்தின் கீழும் அதை வைக்கக் கூடாது. முழுவதும் இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து அதன் ஆயுள் குறையும்.

வாய்க்காலிலோ வாளியிலோ விழுந்த கைப்பேசியை அரிசிக்குள் புதைப்பது நம் வீடுகளில் மிகவும் பரவலான வழக்கம். அரிசியின் துகளும் தவிட்டுத் தூசியும் சார்ஜர் துளைக்குள் போவதைத் தவிர அதனால் பெரிய பயனில்லை. ஆப்பிள் நிறுவனமே ஐபோனை அரிசிக்குள் வைக்க வேண்டாம் என்று தன் உதவிக் குறிப்பில் சொல்லியிருக்கிறது. கைப்பேசியை அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி மெதுவாகத் தட்டி, விசிறிக் காற்றில் உலர விட வேண்டும். உலரும்வரை சார்ஜரில் போடவே கூடாது. கடல்நீரோ உவர்நீரோ பட்டிருந்தால் காத்திருக்காமல் அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கிப் பாகங்களை அரிக்கும். வேளாங்கண்ணி, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் ஏசியின் வெளிப்பெட்டிக்கும் இதே நிலைதான். அணைத்துவிட்டு, அதன் தகடுகளை அவ்வப்போது நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும்.

சில பழுதுகள் பழுதே அல்ல. கெட்டி மாவு அரைக்கும்போது நின்றுபோன மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ள சிறிய பொத்தான் வெளியே வந்திருந்தால், சற்று ஆறவிட்டு அதை அழுத்தினால் பெரும்பாலும் ஓடும். வாஷிங் மெஷினில் தண்ணீர் மெதுவாக ஏறினால், பின்புறக் குழாய் சேரும் இடத்திலுள்ள சல்லடையை மணலும் துருவும் அடைத்திருக்கும். ரிமோட் வேலை செய்யாதபோது அதன் முனையைக் கைப்பேசிக் கேமராவில் காட்டிப் பொத்தானை அழுத்தினால், திரையில் ஒளி மின்னுகிறதா என்று தெரியும். மின்னினால் குறை டிவியின் பக்கம்.

இவ்வளவும் பார்த்த பின்பும் ஓடவில்லை என்றால் சேவை மையத்தை அழைக்கலாம். அதற்கான எண்ணை இணையத் தேடலில் முதலில் வருவதிலிருந்து எடுக்காதீர்கள். போலி எண்களை வைத்து ஓடிபி கேட்டுப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். வாரண்டி அட்டையிலோ பொருளின் மேலோ அச்சிட்டிருக்கும் எண்ணே நம்பத்தக்கது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். மாற்றிய பாகத்தின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்கு வெளியே காசு கொடுத்து மாற்றியிருந்தால் பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.