பட்டமும் பைலட் லைசென்ஸும்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே போதும், 'மூன்றே வருடத்தில் பி.எஸ்சி. ஏவியேஷன், கூடவே பைலட் லைசென்ஸ்' என்று விளம்பரங்கள் ஃபோனில் வந்து விழும். இரண்டையும் அந்தக் கல்லூரியே கொடுத்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. பட்டம் தருவது பல்கலைக்கழகம். சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமத்தைத் தருவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. பறக்கக் கற்றுக்கொடுப்பதோ டி.ஜி.சி.ஏ. அனுமதி பெற்ற ஃபிளையிங் ஸ்கூல். கல்லூரி பல நேரங்களில் அந்த ஸ்கூலோடு ஒப்பந்தம் மட்டும்தான் போட்டிருக்கும். அதன் பெயரைக் கேட்டு வாங்கி, டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் உள்ள பட்டியலில் இருக்கிறதா, அனுமதி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். 2025 முதல் இந்தப் பள்ளிகளுக்குத் தரவரிசையும் வெளியாகிறது. பெயரைச் சொல்லவே தயங்கும் கல்லூரி என்றால் கிளம்பிவிடலாம்.

இன்னொன்று, சி.பி.எல். வாங்கப் பட்டமே வேண்டியதில்லை. இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறிய பிளஸ் டூ போதும். உரிமம் வாங்கும்போது 18 வயது ஆகியிருக்க வேண்டும். பட்டம் பிற்காலத்துக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் படித்தால் பைலட் ஆகலாம், பி.பி.ஏ. ஏவியேஷன் படித்தால் பைலட் ஆகலாம் என்று நம்பிச் சேர்ந்தவர்களும் நம் ஊரில் உண்டு. முன்னது விமானத்தை வடிவமைக்கும் படிப்பு, பின்னது நிர்வாகம். காக்பிட்டில் உட்கார இரண்டுமே உரிமம் ஆகாது.

மெடிக்கல் எனப்படும் உடற்தகுதிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. முதலில் அடிப்படைப் பரிசோதனையான கிளாஸ் 2, பிறகு அதைவிடக் கடுமையான கிளாஸ் 1. சி.பி.எல். கைக்கு வர கிளாஸ் 1 கட்டாயம். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், பார்வை திருத்தப்பட்டால் போதும். நிறக்குருடு போன்றவை அப்படியல்ல. முதல் தவணை கட்டிய பிறகு இது தெரிய வந்தால் பணத்துக்காக அலைய வேண்டியதுதான். கிளாஸ் 1 முடித்துவிட்டே ஃபீஸ் கட்டுங்கள், கல்லூரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

நிஜமான சிக்கல் மணிநேரத்தில் இருக்கிறது. சி.பி.எல்.-க்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணிநேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று. கேம்பஸைச் சுற்றிப் பார்க்கும் பெற்றோர் சிமுலேட்டர் அறையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓடுகிற விமானம் எத்தனை என்று கேட்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 மாணவர்கள் என்றால் 12,000 மணிநேரம் வேண்டும். செஸ்னா எனும் சின்னப் பயிற்சி விமானம் நான்கு நிற்கிறது, ஒன்று எப்போதும் பராமரிப்பில் என்று வையுங்கள். மீதி மூன்றும் நாளுக்கு 4 மணிநேரம், வருடத்துக்கு 250 நாள் பறந்தால் 3,000 மணிநேரம்தான் தேறும். ஆக, பறந்து முடிக்க மட்டுமே நான்கு வருடம்! அடுத்த பேட்ச் வந்து சேர்வதை இதில் சேர்க்கவே இல்லை. இன்ஸ்ட்ரக்டர்கள் எத்தனை பேர் என்பதும் இதே கணக்கில் வர வேண்டும்.

வானிலையும் கேட்க வேண்டிய விஷயம். வட இந்தியாவில் குளிர்காலப் பனிமூட்டம் வாரக்கணக்கில் விமானங்களைத் தரையில் நிறுத்திவிடும். கடந்த பேட்ச் சேர்ந்த மாதம் எது, கடைசி மாணவர் 200 மணிநேரம் முடித்த மாதம் எது என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதைவிட ஹாஸ்டல் சீனியர்களிடம் கேட்டால் உண்மை வரும். பறக்காத மணிநேரத்தை லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டில், எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பைலட்டுகள் இதைக் கேலியாக 'பார்க்கர் பேனா மணிநேரம்' என்பார்கள். சிரிக்கலாம், ஆனால் குற்றம். போலி ஆவணம் எதுவானாலும் கதி ஒன்றுதான்: 2011-இல் போலி மதிப்பெண் பட்டியலைக் காட்டி உரிமம் வாங்கிய விமானிகள் இங்கே கைதானார்கள்.

வகுப்பு நகரத்தில், ரன்வே வேறு மாவட்டத்தில், சில சமயம் வேறு மாநிலத்தில் என்றால் என்ன ஆகும்? பயிற்சிக்கு ஏற்ற நேரம் பெரும்பாலும் காலை. வெயில் ஏறினால் சின்ன விமானம் குலுங்கும். செமஸ்டர் வருகைப்பதிவும் பறக்கும் நேரமும் ஒரே காலையில் மோதும்போது எதை விடுவது? இதற்குக் கல்லூரியிடம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். ஏர் நேவிகேஷன் (வழி கண்டறிதல்), மீட்டியோராலஜி (வானிலையியல்), ரெகுலேஷன்ஸ் (விதிமுறைகள்) போன்ற டி.ஜி.சி.ஏ. தாள்களில் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். செமஸ்டரில் பாஸானது அங்கே செல்லாது. அந்தத் தாள்களுக்குத் தனியாகப் பயிற்சி உண்டா, இல்லை வெளியே கோச்சிங் போகச் சொல்வார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பணம். முழுத் தொகையை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். தள்ளுபடிக்கு மயங்க வேண்டாம். பறந்த மணிநேரத்துக்கு ஏற்பத் தவணை என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும், 200-க்கு மேல் கூடுதலாகப் பறக்க வேண்டி வந்தால் மணிக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள். பறப்பது தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

'வேலை உத்தரவாதம்' என்ற வரியை அப்படியே தாண்டிவிடுங்கள். ஏர்லைன் தன் தேர்வை வைத்துத்தான் ஆள் எடுக்கும். சி.பி.எல். கையில் இருந்தாலும் ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தை ஓட்ட அந்த ரக விமானத்துக்கென்றே தனிப் பயிற்சி பெற்று வாங்கும் டைப் ரேட்டிங் தேவை, அதுவும் பல லட்சம். கல்லூரியின் கட்டணத் தாளில் அந்தத் தொகை பெரும்பாலும் இருக்காது. வங்கியில் கடன் கேட்கப் போகும் முன் அதையும் கூட்டிக்கொண்டு போங்கள்.