வசனமே இல்லாமல் ஒரு கேம் லெவல்: பாலாற்றில் இறங்கிப் பழகலாம்

வேலூர்க்காரர்களைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசியது 1981-இல் மாறிவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் மறுபடி கருவறைக்கு வந்துவிட்டார். பேசாமல் கதை சொல்லப் பழகுகிறவருக்கு இந்தக் கிண்டலே நல்ல பாடம். இருக்க வேண்டியது இல்லையென்று கண்ணில் பட்டால் போதும், பார்க்கிறவர் தானாகவே கதை கட்டுவார். 2010-இல் வந்த லிம்போ என்ற கேமில் ஒரு வரி வசனம் கிடையாது. இருட்டுக் காட்டில் ஒரு பையன் கண் விழிக்கிறான், எழுந்து நடக்கிறான், அவ்வளவுதான்.

சரி, கேம் செய்ய உதவும் கொடோ 4 என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

முதலில் கதையை ஒரே வரியில் பேப்பரில் எழுதுங்கள். என்னுடையது: "குடத்தோடு போன பாட்டியைத் தேடிப் பேரன் பாலாற்றில் இறங்குகிறான்." இந்த வரி கேமுக்குள் எங்கேயும் வரக்கூடாது.

அப்புறம் அளவு. ஆடுபவர் நகர்த்தும் உருவத்துக்குக் கேரக்டர்பாடி2டி ஒன்றைப் போட்டு, அதற்குக் கொடோ தரும் மாதிரி ஸ்கிரிப்டையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஜம்ப் வேகம் 400, ஈர்ப்பு 980. 400-ஐ 400-ஆல் பெருக்கி, 980-இன் இரட்டிப்பால் வகுத்தால் குதிக்கும் உயரம் சுமார் 82 பிக்சல். தரையை அடுக்கும் சதுரக் கட்டமான டைல் 32 பிக்சல் என்றால் இரண்டரை டைல் உயரம். அதாவது இரண்டு டைல் மேடு ஏறலாம், மூன்று டைல் ஏற முடியாது.

இந்தக் கணக்கு எதற்கு? முதல் திரையிலேயே மூன்று டைல் உயரக் கரைமேல் பாட்டியின் குடத்தை வையுங்கள். ஆடுபவர் இரண்டு மூன்று தடவை குதித்துப் பார்ப்பார், எட்டாது, வேறு வழி தேடி ஆற்றில் இறங்குவார். சுற்றிக்கொண்டு அந்தக் கரையின் பின்பக்கமாக ஏறி வரும்படி பாதை போடுங்கள். 'அங்கே போ' என்று அம்புக்குறி போட வேண்டிய வேலையே இல்லை.

ஆற்றுக்குள்தான் கதை இருக்கிறது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பது நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். மூன்று ஊற்று வையுங்கள். முதலாவது அரை டைல் ஆழம், அடியில் ஈர மணலின் கருப்பு. அடுத்தது ஒரு டைல், காய்ந்த மணல். மூன்றாவது இரண்டு டைல், ஓரத்தில் ஒரு கொட்டாங்குச்சி. தண்ணீர் எவ்வளவு கீழே போய்விட்டது என்பதைக் குழியே சொல்லிவிடும். ஆர்வக்கோளாறில் மூன்று டைல் தோண்டிவிடாதீர்கள், விழுந்தவன் ஏற முடியாது. நான் தோண்டினேன்.

பின்னணி இசை வேண்டாம், காற்றுச் சத்தம் மட்டும் ஓடட்டும். மூன்றாவது ஊற்றருகே ஏரியா2டி என்ற கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்றைப் போட்டு, உள்ளே ஏதாவது வந்ததும் அது தரும் பாடி என்டர்டு சிக்னல் வந்ததும் காற்றை நிறுத்துங்கள். தரை டைல்கூட அதன் கணக்கில் ஒரு 'பாடி'தான். அதனால் உள்ளே வந்தது பிளேயரா என்று ஸ்கிரிப்டில் சரிபாருங்கள். இல்லாவிட்டால் கேம் தொடங்கியதுமே காற்று நின்றுவிடும்.

கடைசியாக, யாரையாவது ஆடவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். இதுதான் கஷ்டம். குடியாத்தத்திலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகனிடம் கொடுத்தேன். அப்போது 'பாட்டி இந்த வழியாகப் போனாள்' என்று ஒரு பலகையும் வைத்திருந்தேன். அவன் அதைப் படிக்கவே இல்லை, தாண்டிக் குதித்துப் போனான். மூன்றாவது ஊற்றில் காற்று நின்றதும் கீயிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"மாமா, பாட்டி உள்ள விழுந்துட்டாங்களா?"

நான் அப்படி யோசித்ததே இல்லை. அன்று ராத்திரி பலகையை எடுத்துவிட்டு, கொட்டாங்குச்சியைக் குழியிலிருந்து நாலு டைல் தள்ளி, கரைப் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.