முதல் புத்தகம் போடுகிறீர்களா? கணக்கில் தவறாதீர்கள்

முதல் புத்தகம் போடுகிறவர்கள் பலரும் அச்சடித்த பிரதியை விற்ற பிரதியாக எண்ணிவிடுகிறார்கள். நண்பர் ஒருவர் 500 பிரதி அடித்தார். இரண்டு வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, கட்டிலுக்கு அடியில் பழுப்புத் தாள் சுற்றிய கட்டுகள் பிரிக்காமலே கிடந்தன. நல்ல கதைகள் அவை, அதனால்தான் இன்னும் மனசு கேட்கவில்லை.

நீங்களே காசு போட்டு அச்சடித்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை 200 ரூபாய், அச்சுச் செலவு பிரதிக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 300 பிரதிக்கு 24,000 ரூபாய். கடைக்கு 40 சதவீதம் கழிவு போனால் கையில் நிற்பது 120. ஆக, 200 பிரதி விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். அட்டை, மெய்ப்பு (பிழை பார்ப்பது), கூரியர் எல்லாம் தனி.

சரி, பதிப்பகம் போட்டால்? எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கான ராயல்டி பொதுவாக விலையில் 10 சதவீதம். அதே 300 பிரதியும் விற்றால் 6,000 ரூபாய். கைக்காசு போகாது, ஆனால் அதை நம்பி வேலையை விட முடியாது. விளம்பரத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றும் இருந்துவிடாதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் உங்கள் புத்தகம் எத்தனையோ தலைப்புகளுக்கு நடுவில்தான் இருக்கும்.

"உங்கள் பங்காகக் கொஞ்சம் கட்டுங்கள்" என்று ஒரு பதிப்பகம் கேட்டால், அதுவும் சுயபதிப்புதான். கட்டலாம், தப்பில்லை. ஆனால் எத்தனை பிரதி, உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனியாகக் காசு தராதீர்கள். இந்தியாவில் அது இலவசம், எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம்.

அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போட்டால் அச்சுச் செலவு இல்லை என்பதால் மெய்ப்பையும் விட்டுவிடுகிறார்கள். சந்தா கட்டி வாசிக்கும் கிண்டில் அன்லிமிட்டெட்டில் வாசித்த பக்கத்துக்குத்தான் பணம். மூன்றாம் பக்கத்தில் பிழை பொறுக்காமல் வாசகர் மூடிவிட்டால் அந்த மூன்று பக்கத்தோடு சரி. அப்புறம், கிண்டில் அன்லிமிட்டெட்டில் இடம்பெறுவதற்காக அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி இணையதளத்தில் தொடராக வந்த நாவல் என்றால் முதலில் அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

எத்தனை பிரதி அடிப்பது என்று குழப்பமா? காசு கொடுத்து நிச்சயம் வாங்குவார்கள் என்று நம்புகிறவர்களின் பெயரைத் தாளில் எழுதுங்கள். அறுபது பெயர் தேறினால், தேவைக்கேற்பக் கொஞ்சமாக அச்சடிக்கும் பிஓடி முறையில் நூறு பிரதி அடியுங்கள். தீர்ந்தால் அதே கோப்பை அனுப்பி இன்னொரு ஐம்பது வாங்கிக்கொள்ளலாம்.