பாய்மரப் படகில் தீவு விட்டுத் தீவு: கரீபியனில் சுங்கப் பதிவு செய்வது எப்படி?

மார்ட்டினிக்கின் தென்கரையிலிருந்து செயின்ட் லூசியாவின் ரோட்னி விரிகுடாவுக்கு 20 முதல் 25 கடல்மைல் தூரம். காற்று ஒத்துழைத்தால் காலையில் நங்கூரம் தூக்கி மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். நாங்களும் போய்விட்டோம். சாப்பாடுதான் மாலை வரை கிடைக்கவில்லை. என் கணவர், இன்னும் பதிவாகாத படகு என்று காட்டும் மஞ்சள் கொடிக்குக் கீழே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார். நானோ கரையில் ஒரு மேசைக்கு முன்னால் நின்று, இந்தத் தாளில் இருப்பவரும் அந்தத் தாளில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். அவர் என் கணவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாளுக்கு இருந்தது.

அந்த இரண்டரை மணி நேரம்தான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. படகு ஓட்டவும் நங்கூரம் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தாள் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிரெனடாவில் தொடங்கி வடக்கே குவாடலூப் வரை நாங்கள் போய்வந்த வழி இது: கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா, மார்ட்டினிக், டொமினிக்கா, குவாடலூப். இவற்றில் மார்ட்டினிக்கும் குவாடலூப்பும் பிரான்சின் பகுதிகள், மற்ற நான்கும் தனி நாடுகள். அதனால் ஒவ்வொன்றிலும் உள்ளே வரும்போது ஒரு பதிவு, வெளியே போகும்போது ஒரு பதிவு. இதற்கு எல்லோரும் சொல்லும் பெயர் கிளியரன்ஸ்.

முதலில் விசாவைப் பாருங்கள். கையில் ஷெங்கன் விசா இருக்கிறது, மார்ட்டினிக் பிரான்சுதானே என்று கிளம்பிவிடாதீர்கள். ஷெங்கன் விசா அந்தத் தீவுகளுக்குத் தானாகச் செல்லுபடியாகாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கு என்றே விண்ணப்பித்து வாங்கவேண்டும். வடக்கே அமெரிக்க வெர்ஜின் தீவுகள் வரை போக நினைப்பவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ள நம்மவர்கள் விசா இல்லாமல் விமானத்தில் அமெரிக்கா போவதற்குப் பயன்படும் எஸ்டா அனுமதி, சொந்தப் படகில் போய் இறங்கச் செல்லாது. முறையான விசா வேண்டும்.

அடுத்தது செயில்கிளியர் இணையத்தளம். படகின் விவரங்களையும் ஆட்களின் பாஸ்போர்ட் விவரங்களையும் அதில் ஒருமுறை ஏற்றிவைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் எங்கிருந்து எங்கே, படகில் யார் யார் என்று அறிவிப்பு அனுப்பினால் ஓர் எண் வரும். நான் சொன்ன நான்கு நாடுகளிலும் அதிகாரியிடம் அந்த எண்ணைச் சொன்னால் போதும், எல்லா விவரமும் அவர் திரையில் வந்துவிடும். அறிவிப்பு அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து மதுக்கடையில் உட்கார்ந்துவிட்ட ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். முடியவில்லை. நேரில் போகத்தான் வேண்டும். படிவம் நிரப்பும் நேரம் மட்டுமே மிச்சமாகும். பிரெஞ்சுத் தீவுகள் இந்தத் தளத்தில் இல்லை.

படகில் அச்சுப்பொறி வைத்துக்கொள்ளச் சொல்லும் பட்டியல்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். உப்புக்காற்றில் எங்களுடையது நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆட்கள் பட்டியலைப் பத்துப் பிரதி எடுத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட், படகுப் பதிவுச் சான்று, காப்பீடு இவற்றோடு போட்டுவையுங்கள். கூடவே இரண்டு பேனா. ஊருக்குப் போயிருந்தபோது படகின் பெயரும் பதிவு எண்ணும் போட்டு ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கிவந்தேன். சட்டப்படி யாரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் அதைக் குத்தியவுடன் தாளுக்கு வரும் மரியாதையே தனி.

இனி, நான் விழுந்த குழி.

ஒரு தீவை விட்டுக் கிளம்பும்போது கிடைக்கும் வெளியேற்றச் சீட்டைத்தான் அடுத்த தீவில் முதலில் கேட்பார்கள். அது இல்லாமல் போனால் நீங்கள் எங்கிருந்தோ தப்பி வந்தவர். இருந்து, அதில் பிழையும் இருந்தால், அந்தப் பிழை உங்களோடு தீவு தீவாக வரும்.

மார்ட்டினிக்கில் இந்தச் சீட்டை நீங்களே தயாரித்துக்கொள்ளலாம். படகுச் சாமான் கடையிலோ மரீனா எனப்படும் படகுத்துறையின் அலுவலகத்திலோ ஒரு கணினி வைத்திருப்பார்கள். விவரங்களைத் தட்டி, அச்செடுத்து, சில யூரோ கொடுத்தால் ஆயிற்று. வரிசை இல்லை, கேள்வி இல்லை. இவ்வளவு எளிதான கிளியரன்ஸ் வேறெங்கும் இல்லை என்று குதூகலமாகத் தட்டினேன். விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டுவது என் பழக்கம்.

பிரெஞ்சு விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். நாம் பழகிய இடத்தில் இசட் இருக்காது, டபிள்யூ இருக்கும். ஏ இருக்கவேண்டிய இடத்தில் க்யூ. மேல் வரிசை எண்களைத் தட்டவேண்டுமானால் ஷிஃப்ட் விசையை அழுத்தவேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. என் கணவருடைய எண்ணின் முதல் எழுத்து இசட். இலக்கங்களுக்குப் பதிலாகத் திரையில் பிரெஞ்சுக் குறிகள் வந்து விழுந்ததும் அவற்றை அழித்து, ஷிஃப்ட் அழுத்திச் சரியாகத் தட்டினேன். முன்னால் டபிள்யூ நின்றுகொண்டிருந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். கணினிப் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகரமாட்டேன் என்றது. அவர் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டேன். செயில்கிளியரில் மாதங்களுக்கு முன்பு நான் போட்டிருந்தது அவருடைய அப்பா பெயர். ஆக, மார்ட்டினிக்கிலிருந்து ஒருவர் கிளம்பியிருக்கிறார், செயின்ட் லூசியாவில் வேறொருவர் வந்து இறங்கியிருக்கிறார். பாஸ்போர்ட் எண்ணும் வேறு.

அதிகாரி கத்தவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'கேப்டன், அங்கே புறப்பட்ட அந்த மனிதர் எங்கே?' என்று மட்டும் கேட்டார். நடுக்கடலில் ஒருவரைத் தள்ளிவிட்டு இன்னொருவரை ஏற்றிக்கொண்டவள் போல விழித்தேன். விளக்கக் கடிதம் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, பாஸ்போர்ட் பிரதிகளை இணைத்துக் கொடுத்தபின் விட்டார்கள். அன்று சனிக்கிழமை என்பதால் மேலதிக நேரக் கட்டணமும் சேர்ந்தது. கட்டணத்தைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று பயணத்துக்கு முன்பே முடிவுசெய்து, அதையே எல்லாத் தாளிலும் போடுங்கள். அப்பா பெயரா, அதே பெயரா என்பது உங்கள் விருப்பம், ஆனால் நடுவில் மாற்றக்கூடாது. இரண்டாவது, அச்செடுக்கும் முன் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். மூன்றாவது, அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள், தட்டாத மற்றவர் செய்யட்டும். இப்போது எங்கள் படகில் நான் தட்டுவேன், அவர் சரிபார்ப்பார்.

போய்ச் சேர்ந்ததும் செய்யவேண்டியவை சுலபம். அந்த நாட்டின் எல்லைக்குள் வந்ததும் பாய்மரத்தின் வலப்புறம், ஸ்ப்ரெடர் எனப்படும் குறுக்குக் கம்பிக்குக் கீழே, வெறும் மஞ்சள் கொடியை ஏற்றுங்கள். இன்னும் பதிவாகவில்லை என்பது அதன் பொருள். பதிவுக்கென்று குறித்த துறைமுகத்தில்தான் முதலில் நிற்கவேண்டும். வழியில் அழகான விரிகுடாவைப் பார்த்து இறங்கிவிடக்கூடாது. கேப்டன் மட்டும் டிங்கி எனப்படும் சிறு படகில் கரைக்குப் போகலாம், மற்றவர்கள் படகிலேயே இருக்கவேண்டும். பதிவு முடிந்ததும் மஞ்சள் கொடியை இறக்கி அந்த நாட்டுக் கொடியை ஏற்றவேண்டும். செயின்ட் வின்சென்ட் கொடியின் மூன்று பச்சை வைரங்கள் ஆங்கில 'வி' வடிவில் இருக்கும். தலைகீழாக ஏற்றிவிட்டுத் துறைமுகம் முழுவதும் சிரிக்க வைத்தவர்கள் உண்டு. நாங்கள் இல்லை, அடுத்த படகு.

அலுவலகத்துக்கு அரைக்கால்சட்டையும் ஈரப் பனியனுமாகப் போகாதீர்கள். உள்ளே நுழைந்ததும், யாரும் நிமிர்ந்து பார்க்காவிட்டாலும், முதலில் 'குட் மார்னிங்' சொல்லுங்கள். இந்தத் தீவுகளில் இது அலங்கார வார்த்தை இல்லை. வணக்கம் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருபவரை வளர்ப்புச் சரியில்லாதவர் என்றே நினைப்பார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்றபடியே கடன் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி. சுங்கம், குடியேற்றத் துறை, சில இடங்களில் துறைமுக அதிகாரி என இரண்டு அல்லது மூன்று மேசைகள் இருக்கும். எது முதலில் என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கையில் கிழக்குக் கரீபியன் டாலர் ரொக்கமாக வைத்திருங்கள். எல்லோரும் 'ஈசி' என்பார்கள். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக இருக்கிறது. நான் சொன்ன நான்கு நாடுகளிலும் இதுதான் நாணயம். வார நாள்களில் அலுவலக நேரத்துக்குள் போனால் செலவு குறையும். விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கிரெனடாவின் சுதந்திர நாள் பிப்ரவரி 7, செயின்ட் லூசியாவுக்கு பிப்ரவரி 22, செயின்ட் வின்சென்டுக்கு அக்டோபர் 27, டொமினிக்காவுக்கு நவம்பர் 3.

டொமினிக்காவைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ஆட்கள் மாறாமல் இரண்டு வாரத்துக்குள் கிளம்புவதாக இருந்தால், உள்ளே வரும்போதே வெளியேற்றத்தையும் சேர்த்து முடித்துத் தருவார்கள். எனக்குப் பிடித்த அலுவலகம் எது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எல்லைகள் விஷயத்தில் ஏமாற வைப்பது கிரெனடாவின் கரியாகூ தீவுக்கும் செயின்ட் வின்சென்டின் யூனியன் தீவுக்கும் இடைப்பட்ட கடல். அங்கே பெட்டி மார்ட்டினிக், பெட்டி செயின்ட் வின்சென்ட் என்று இரண்டு குட்டித் தீவுகள் கூப்பிடு தூரத்தில் எதிரெதிரே இருக்கின்றன. முன்னது கிரெனடா, பின்னது செயின்ட் வின்சென்ட். நடுவில் இருப்பது இரண்டு நாடுகளின் எல்லை. ஒன்றில் நங்கூரம் போட்டுவிட்டு மற்றதற்கு டிங்கியில் போய் ரொட்டி வாங்கிவந்தால் நீங்கள் பதிவில்லாமல் வெளிநாடு போய்வந்தவர். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி இந்தப் பகுதியைத்தான் சூறையாடிப் போனது. அதனால் யூனியனிலும் கரியாகூவிலும் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதற்குப் பழைய வழிகாட்டி நூலை நம்பாமல் அண்மையில் வந்துபோன படகுக்காரரிடம் கேளுங்கள்.

உள்ளூர் விதிகளில் நான் பார்த்தவரை வெளியூர்க்காரர்கள் அதிகம் மீறுவது ராணுவப் புள்ளி உடை. செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா, டொமினிக்கா, பார்படோஸ் எல்லாவற்றிலும் பொதுமக்கள் அதை அணிவது சட்டவிரோதம். தொப்பி, பை, குழந்தையின் கால்சட்டை எதுவானாலும் படகில் வைத்துவிட்டுப் போங்கள். செயின்ட் வின்சென்டில் வெளிநாட்டவர் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிக்கத் தடை. படகில் வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அங்கே மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை சிங்கி இறாலுக்கும் விடுமுறை. யாராவது படகோரம் வந்து மலிவாக விற்றால் வாங்காதீர்கள். அதே நாட்டின் டொபேகோ கீஸ் கடற்பூங்காவில் ஆளுக்கு இவ்வளவு என்று காவலர்கள் படகுக்கே வந்து கட்டணம் வாங்குவார்கள். அந்தப் பூங்காவிலுள்ள பாரடல் தீவின் ஓரம் ஆமைகள் மேயும் பகுதியில் மிதவைக்கு உள்ளே நங்கூரம் போடக்கூடாது. செயின்ட் லூசியாவில் பிட்டன் மலைகளின் அடியிலும் அப்படித்தான், அங்கிருக்கும் மூரிங் மிதவையில்தான் கட்டவேண்டும். கீழே பவளம். நங்கூரச் சங்கிலி ஒரு இரவில் அதை என்ன செய்யும் என்று நீந்திப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பின்சேர்க்கை: மார்ட்டினிக்கில் எடுத்த சீட்டில் கடைக்காரரின் முத்திரை இல்லை என்று அடுத்த தீவில் கேள்வி வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். முன்பே சொல்லியிருக்கவேண்டும், என் தவறு. அச்செடுத்த தாளைக் கடைக்காரரிடம் கொடுத்து முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மேலும் ஒரு பின்சேர்க்கை: படகில் சேர்ந்துகொள்ள விமானத்தில் வந்த தம்பியிடம் திரும்பும் டிக்கெட் இல்லை என்று விமான நிலையக் கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று இன்னொருவர் எழுதினார். இப்படி வருபவருக்குக் கேப்டனின் கடிதம் ஒன்று அனுப்பிவையுங்கள்: படகின் பெயர், பதிவு எண், இவர் எங்கே ஏறுகிறார், எந்த நாளில் படகோடு நாட்டைவிட்டுப் போகிறார். கூடவே பதிவுச் சான்றின் பிரதி. அவர் நடுவழியில் இறங்கி விமானத்தில் திரும்பினால், குடியேற்றத் துறைக்கு அவரையும் அழைத்துப்போய் ஆட்கள் பட்டியலிலிருந்து பெயரை நீக்குங்கள். நீக்காவிட்டால் அவர் பொறுப்பு உங்கள் தலையில்.

மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டதால் இதுவும்: பிரெஞ்சு விசைப்பலகையில் மின்னஞ்சலுக்கான '@' குறி வேண்டுமென்றால், இடைவெளி விசைக்கு வலப்பக்கமுள்ள ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மேல் வரிசையின் சுழிய விசையைத் தட்டுங்கள். ஷிஃப்ட் வேண்டாம்.